துரு தின்னும் முதல்
மழைக்காலத்தில் கைக்கருவிச் சரக்கைக் காப்பது எப்படி?

அரிசியில் வண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். எலி கடித்தால் மூட்டை சொல்லிவிடும். இரும்புச் சரக்கை மட்டும் துரு சத்தமில்லாமல் தின்கிறது. வாடிக்கையாளர் பெட்டியைப் பிரிக்கும்போதுதான் நமக்கே தெரிய வருகிறது.

1996 மழைக்காலத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சென்னை பாரிமுனைப் பக்கம் உள்ள என் கிடங்கில் குறடு, ஸ்பேனர், உளி ஆகியவை புதுச் சரக்காக இறங்கியிருந்தன. மழை சீசனில் பிளீச்சிங் பவுடருக்கும் ஆசிட்டுக்கும் கிராக்கி உண்டல்லவா? இடம் போதாமல் அவற்றையும் அதே அறையில் அடுக்கினேன். ஒரே மாதத்தில் தென்காசிப் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் ஐந்து பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். “அண்ணாச்சி, உங்க பேரைச் சொல்லித்தான் வித்தேன். வாங்கினவருக்கு இப்ப நான் என்ன பதில் சொல்ல?” என்று கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

பிளீச்சிங் பவுடர் ஈரம் பட்டால் குளோரின் வாயுவை விடும். ஆசிட் கேனிலிருந்தும் புகை கசியும். இரண்டும் இரும்புக்கு எமன். உப்பு, உரம் ஆகியவையும் அப்படியே. இவற்றுக்குத் தனி அறை வேண்டும் என்பதுதான் நான் கற்ற முதல் பாடம்.

துரு வருவது எதனால்?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் போதும். மழை நேரடியாகப் படவேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் பிடிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் காலையில் ஈரக்காற்று பட்டால் உலோகம் வியர்க்கும். ஆகவே மழை நாட்களில் விடிந்ததும் கிடங்கைத் திறந்து போடாதீர்கள். வெயில் ஏறிய பின் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. சரக்கைத் தரையில் வைக்காதீர்கள். சிமெண்டுத் தரை ஈரம் கக்கும். மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து அரை அடி தள்ளி அடுக்குங்கள்.

2. ஈரச் சாக்கு, பழைய செய்தித்தாள், மரத்தூள் ஆகியவற்றில் பொதிய வேண்டாம். அவை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டி வைக்கும். துருத்தடுப்பு மருந்து ஏற்றிய வி.சி.ஐ. தாள் கிடைக்கிறது. அதில் சுற்றி, பாலிதீன் உறையை நன்றாக மூடினால்தான் பலன்.

3. மெஷின் ஆயிலை மெல்லிய துணியில் தொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் வேண்டாம். நாளானால் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும். வியர்வைக் கையிலும் உப்பு இருக்கிறது. பையன்களுக்குக் கையுறை கொடுங்கள்.

4. அரத்துக்கு அதிக எண்ணெய் ஆகாது, பல் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளில் சுற்றுங்கள்.

5. பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் அது ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சூடாக்கி உலர்த்தினால் மறுபடி உதவும்.

6. வந்த தேதியைப் பெட்டி மேல் எழுதி, பழையதை முதலில் விற்றுவிடுங்கள்.

இலேசான துருவை மண்ணெண்ணெயும் நைஸ் எமரித் தாளும் போட்டுத் தேய்த்து எடுக்கலாம். அப்படி எடுத்ததைச் சொல்லி, விலை குறைத்து விற்பதே முறை.

கணக்கையும் பாருங்கள்

மெல்ல மெல்ல ஏறும் துருவுக்குப் பொதுவாக இன்சூரன்ஸ் கிடைக்காது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பின், கெட்டுப்போனதென்று எழுதித் தள்ளிய சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடையாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்டவேண்டும். முதலும் போய், வரியும் போய், பேரும் போகும்.

ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கிடங்குக்கு ஒதுக்குங்கள். ஒரு டின் ஆயிலுக்கும் கொஞ்சம் தாளுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. வாடிக்கையாளர் முன் தலைகுனிந்து நிற்பதுதான் பெரிய நஷ்டம்.