மரக்காணம் கரைக்கு எந்த இரட்டை உடல் படகு?

பந்தயக் கேட்டமரன் என்பது இரண்டு ஒல்லியான உடல்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைத்த பாய்மரப் படகு. விழுப்புரம் மாவட்டத்தில் அதை இறக்குவதற்கு மரக்காணம் பகுதிக் கடற்கரை உண்டு. திண்டிவனம் வழியாகச் சாலையில் கொண்டுவந்தால், முதல் தேர்வு கடலில் அல்ல, அகலத்தில் நடக்கிறது. இந்திய மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கேட்டமரன் வகைகளில் ஏ கிளாஸின் அகலம் 2.30 மீட்டர், ஹோபி 16 படகு 2.41, நாக்ரா 17 படகு 2.59. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடிய டொர்னாடோ 3.05 மீட்டர்; 45 சென்டிமீட்டர் அதிகம். அதைக் கழற்றியோ சாய்த்தோதான் ஏற்ற வேண்டும்.

அந்த அகலம் வீண் அல்ல. டொர்னாடோவின் எடை 155 கிலோ, ஹோபி 16 படகின் எடை 145 கிலோ. வேறுபாடு 7 சதவீதம். பாதி அகலத்தை எடையால் பெருக்கினால், படகு கவிழாமல் தாங்கும் திறனைத் தோராயமாக ஒப்பிடலாம்: 236-க்கு 175 (கிலோகிராம் × மீட்டர்). இங்கே வேறுபாடு 35 சதவீதம். பலத்த காற்றில் பாயை முழுதாக விரித்து வைக்க உதவுவது எடையைவிட அகலமே.

ஏ கிளாஸின் பலம் லேசான உடல். 75 கிலோ எடைக்கு 150 சதுர அடிப் பாய், அதாவது கிலோவுக்கு 2 சதுர அடி. ஹோபிக்கு 218 சதுர அடி, கிலோவுக்கு 1.5. ஏ கிளாஸ் 33 சதவீதம் முன்னால் நிற்கிறது. ஆனால் படகு தனியாக ஓடுவதில்லை. ஏ கிளாஸில் 75 கிலோ எடையுள்ள ஒருவரையும், ஹோபியில் அதன் பந்தய விதி கேட்கும் குறைந்தபட்ச 129 கிலோவுக்கு இருவரையும் ஏற்றினால், 1.0-க்கு 0.8. முன்னிலை 26 சதவீதமாகச் சுருங்குகிறது.

இந்தக் கரைக்கு நான் ஹோபியையே தேர்வேன். காரணம் அதன் உடல் வடிவம். டொர்னாடோவின் உடல்கள் இருபுறமும் ஒரே வளைவு கொண்டவை. காற்று பக்கவாட்டில் தள்ளாமலிருக்க நடுப்பலகையைத் தண்ணீருக்குள் இறக்கியாக வேண்டும். அலை உடையும் ஆழமற்ற மணலில் அந்தப் பலகைதான் முதலில் தட்டும். ஹோபியின் ஒவ்வொரு உடலும் வெளிப்புறம் தட்டையாகவும் உட்புறம் வளைந்தும் இருக்கும். அந்த வடிவமே பலகையின் வேலையைச் செய்கிறது. காற்றை எதிர்த்து ஏறும்போது நடுப்பலகைப் படகு கூர்மையாக ஏறும். அதில் ஹோபிக்கு உள்ள இழப்பு உண்மையானது. ஆனாலும் ஹோபியில் சுக்கானை உயர்த்திக்கொண்டு நேரே மணலில் ஏறிவிடலாம். பிறகு 145 கிலோவை நான்கு பேர் தூக்கினால் தலைக்கு 36 கிலோ.