வலியே இல்லாத ஊர் வேண்டுமா?

குழந்தை கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், அதைவிட அதிகமாகத் துடிப்பது யார்? நாம்தான். "என் புள்ளைக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது, சாமி!" என்று வேண்டிக்கொள்ளாத தாய் உண்டா?

அந்த வேண்டுதல் அப்படியே பலித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பசி இல்லை, சண்டை இல்லை, வேலை கிடைக்குமோ என்ற கவலை இல்லை. சாப்பாடுகூட வேளாவேளைக்கு வீடு தேடி வந்துவிடும். அப்படி ஓர் ஊரில் குடியேறச் சம்மதிப்பீர்களா?

"இன்றைக்கே மூட்டை கட்டிவிடுகிறேன்" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஊரைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரி 1993-இல் ஒரு நாவல் எழுதினார். பெயர் 'தி கிவர்'. கொடுப்பவர் என்று பொருள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக எழுதிய சிறிய புத்தகம்தான். ஆனால் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதைவிட ஆச்சரியம், அதைப் படித்தவர்கள் நடந்துகொண்ட விதம். சிலர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். சிலர், "இதை என் பிள்ளை கண்ணில் காட்டாதீர்கள்" என்று பள்ளிக்கூடத்துக்கே போய் நின்றார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

ஒழுங்கான ஊர்

கதையின் நாயகன் ஜோனாஸ். பன்னிரண்டு வயதை எட்டப்போகும் பையன். அவன் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டே குழந்தைகள். பெற்றுக்கொள்வதல்ல, விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொள்வது. பெற்றுக் கொடுப்பதற்கென்றே தனியாகப் பெண்கள் இருக்கிறார்கள். மூன்று பிரசவம் ஆனதும் அவர்களைக் கூலி வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒவ்வொரு வயதுக்கும் ஒரு சட்டம் உண்டு. சின்னக் குழந்தைகளின் சட்டைக்கு முதுகில்தான் பொத்தான். ஒருவருக்கொருவர் போட்டுவிட்டு, உதவி செய்யப் பழக வேண்டுமாம். ஏழு வயதானால் முன்பக்கப் பொத்தான். ஒன்பது வயதில் சைக்கிள். பன்னிரண்டு வயதில் என்ன வேலை செய்யவேண்டும் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்து அறிவித்துவிடுவார்கள்.

படிக்கும்போது, "அட, நன்றாகத்தான் இருக்கிறதே!" என்றே தோன்றும். காலையில் கண்ட கனவைக் குடும்பமாக உட்கார்ந்து சொல்கிறார்கள். மாலையில் அன்றைய மனத்தாங்கலைச் சொல்லி ஆறுதல் பெறுகிறார்கள். நம் வீட்டில் அதற்கு நேரம் ஏது!

பிறகுதான் ஒவ்வொன்றாக உறைக்கிறது. அந்த ஊரில் மேடு பள்ளம் இல்லை, பனி இல்லை, வண்ணம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டார்கள். பாட்டு இல்லை. தாத்தா பாட்டியும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்ததும் பெற்றோர் பிரிந்து போய்விடுவார்கள். வயதானால் முதியோர் இல்லம். பேரக்குழந்தை என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை.

அந்த ஊரின் பழைய நினைவுகளையெல்லாம் ஒரே ஒரு கிழவர் சுமக்கிறார். அவர்தான் 'கொடுப்பவர்'. வாங்கிக்கொள்ளும் வேலை ஜோனாஸுக்கு வருகிறது. முதலில் பனியில் சறுக்கி விளையாடும் சுகம் கிடைக்கிறது. பிறகு எலும்பு முறியும் வலி, போர்க்களத்தின் கொடுமை. நடுவே ஒரு நாள், பண்டிகை இரவில் தாத்தா பாட்டியோடு ஒரு குடும்பம் கூடியிருக்கும் நினைவு வருகிறது. அந்தக் கதகதப்புக்குப் பெயர் அன்பு என்று அவன் தெரிந்துகொள்கிறான்.

வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம், "என் மேல் அன்பு இருக்கிறதா?" என்று கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள்! அது பொருளற்ற பழைய சொல், இன்னும் துல்லியமாகப் பேசு என்று திருத்துகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அடிக்காதவர்கள், திட்டாதவர்கள். ஆனால் அந்தச் சொல் அவர்களுக்கு நிஜமாகவே தெரியாது.

புத்தகத்தை மூட வைத்த பக்கம்

அந்த ஊரில் 'விடுவிப்பு' என்று ஒன்று உண்டு. வயதானவர்கள், மூன்று முறை தவறு செய்தவர்கள், எடை ஏறாத சவலைக் குழந்தைகள், இவர்களை விடுவிப்பார்கள். வேறெங்கோ அனுப்புகிறார்கள் என்று ஜோனாஸ் நினைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பாவுக்குக் கைக்குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை. இரட்டைக் குழந்தை பிறந்தால், எடை குறைந்த குழந்தைக்கு அவரே கொஞ்சிக்கொண்டே ஊசி போடுகிறார். அந்தக் குழந்தையின் துடிப்பு அடங்குவதை ஜோனாஸ் படக்காட்சியில் பார்த்துவிடுகிறான்.

பாலூட்டிய கை உள்ள எவருக்கும் இந்தப் பக்கத்தில் மனம் பதறும். அமெரிக்காவில் பல பெற்றோர் எதிர்த்தது முக்கியமாக இதைத்தான். சிசுவைக் கொல்வது, முதியவரைக் கொல்வது, சாவைத் தானே கேட்டு வாங்கும் ஒரு பெண், இதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கு ஏன் என்று கேட்டார்கள். 1994-இல் கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டம் சில காலம் அதை வகுப்பிலிருந்து விலக்கி வைத்தது. 1990-களில் அதிக எதிர்ப்புக்கு ஆளான நூறு புத்தகங்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் தயாரித்தபோது, இதுவும் அதில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 1994-இல் இதே நாவலுக்கு அளித்ததும் அந்தச் சங்கத்தின் ஒரு பிரிவுதான்!

எதிர்த்த தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பயந்துவிடுமே என்ற கவலை எல்லாத் தாய்க்கும் பொதுதானே? ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு வலி தெரியவே கூடாது என்று முடிவு செய்த பெரியவர்கள்தான் ஜோனாஸின் ஊரையும் கட்டினார்கள். நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார்கள். வலியை அள்ளி வெளியே கொட்டும்போது, அதோடு ஒட்டியிருந்த அன்பும் போய்விட்டது.

"அவன் பிழைச்சானா, செத்தானா?"

ஜோனாஸின் வீட்டில் கேப்ரியேல் என்ற குழந்தை ஏறக்குறைய ஓர் ஆண்டு தங்கியிருக்கிறது. இரவில் தூங்காமல் அழும் குழந்தை. அதையும் 'விடுவிக்க' முடிவானதும், ஜோனாஸ் அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஊரைவிட்டே ஓடுகிறான். கடைசியில் பசியிலும் குளிரிலும், பனிமலையில் ஒரு சறுக்குவண்டியில் இறங்குகிறான். கீழே விளக்குகள் தெரிகின்றன. பாட்டுச் சத்தம் கேட்பதுபோல் இருக்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

படித்தவர்களுக்கு இருப்புக் கொள்ளுமா? லோரிக்குக் கடிதங்கள் குவிந்தன. பிழைத்தான் என்றனர் சிலர். குளிரில் விறைத்துச் செத்தான், விளக்கெல்லாம் சாகும் நேரத்துக் கனவு என்றனர் சிலர். வட்டமாகச் சுற்றி அவன் தன் பழைய ஊருக்கே வந்துவிட்டான், அந்த ஊர் இப்போது அன்பைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று ஒரு பிள்ளை எழுதியது. "நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று நச்சரித்த பிள்ளைகள் ஏராளம்.

லோரி உடனே சொல்லவில்லை. சரியான முடிவு என்று ஒன்று இல்லை, ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவு உண்டு என்றார். தம்மளவில் அது நம்பிக்கை தரும் முடிவு என்று மட்டும் சொல்லிவந்தார். பல ஆண்டு கழித்து, 2004-இல் வந்த 'மெசஞ்சர்', 2012-இல் வந்த 'சன்' ஆகிய நாவல்களில் விடை கிடைத்தது. இருவரும் பிழைத்திருந்தார்கள். 'சன்' நாவலில் கேப்ரியேலைப் பெற்ற பெண் அவனைத் தேடி அலைகிறாள். அந்தப் பெண் படும் பாடு, தாய்மார்கள் அவசியம் படிக்கவேண்டியது.

எழுதியவர் பட்ட வலி

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? லோரி தம் பதக்க விழா உரையில் அதைச் சொல்லியிருக்கிறார். போருக்குப் பின் அவர் குடும்பம் டோக்கியோவில் வாழ்ந்தது. அப்போது அவருக்குப் பதினொரு வயது. சுற்றிலும் வேலி போட்ட அமெரிக்கக் குடியிருப்பு, சொந்த ஊர் மாதிரியே வீடுகள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அம்மா விரும்பித் தேர்ந்தெடுத்த இடம். பெண்ணோ சைக்கிளை எடுத்துக்கொண்டு, வேலியைத் தாண்டி ஷிபுயா தெருக்களுக்குப் போய்விடுவாள்!

லோரியின் அக்கா ஹெலன் இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்துபோனார். காலம் ஓடியது. அப்பாவுக்கு முதுமையில் நினைவு மங்கியது. அக்காவின் படத்தைப் பார்த்து, இவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். இறந்துவிட்டாள் என்று மகள் சொல்லவேண்டும். அவர் மறந்துபோய் மறுபடியும் கேட்பார். அம்மாவுக்குக் கண் தெரியாது. ஆனால் மகளின் சாவு உட்பட எல்லாம் நினைவிருந்தது. எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். மறந்துவிட்டால் வலி இல்லைதான். ஆனால் வலியோடு மகளும் அல்லவா போய்விடுகிறாள்? அந்தக் கேள்விதான் நாவலாயிற்று.

நம் வீட்டில்

ஆங்கிலம் படிக்கும் உங்கள் மகனோ மகளோ இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தால் பிடுங்கி வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்னால் வேண்டாம். அதற்குப் பிறகு தரலாம். ஆனால் நீங்களும் படியுங்கள். அந்த ஊசிப் பக்கம் வரும்போது கூட இருங்கள். "அம்மா, அவன் செத்துட்டானா?" என்று கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல், "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உங்கள் பிள்ளையின் மனசு தெரியும்.

புத்தகமே வேண்டாம் என்றாலும் சரி. வீட்டில் ஒரு சாவு, ஒரு நஷ்டம், ஒரு நோய் வந்தால், "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று அடுத்த அறைக்குத் துரத்தாமல், அதற்குப் புரிகிற அளவில் சொல்லுங்கள். சேர்ந்து அழுதாலும் தவறில்லை.

ஆகவே, "என் புள்ளைக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது" என்ற வேண்டுதலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோமா? "கஷ்டம் வரும்போது நான் பக்கத்தில் இருக்கவேண்டும், சாமி."