பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது?
அனுபவமுள்ள ஆயாவா, படித்துக்கொண்டிருக்கும் யுவதியா?

பிரசவ விடுமுறை முடியப் போகின்றது என்றதும் உத்தியோகம் பார்க்கும் தாய்மாரின் மனதில் ஒரு கேள்வி வந்து குந்திக்கொள்கின்றது. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? நமது நாட்டில் இவ்விடுமுறை பொதுவாக 84 வேலை நாட்கள். அதாவது பிள்ளைக்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும்போது தாய் பாடசாலைக்கோ, காரியாலயத்துக்கோ, வைத்தியசாலைக்கோ திரும்பியாக வேண்டும். கழுத்து நிமிர்ந்து, ஆட்களின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் பருவம் அது.

கிழக்கிலங்கையில் மகளுக்கு வீடு கொடுத்து, உம்மாவும் அருகிலேயே இருக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அங்கெல்லாம் உம்மும்மாவின் மடி இக்கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். ஆனால் கணவரின் தொழில் நிமித்தம் கொழும்பிலோ கண்டியிலோ தனிக் குடித்தனம் நடத்தும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. உம்மாவுக்கும் வயதாகிவிட்டது, சீனி வியாதி, முழங்கால் வருத்தம். தாத்தாவோ தங்கையோ தத்தமது குடும்பத்தைப் பார்க்க வேண்டியவர்கள். முடிவில் வெளியிலிருந்து ஒருவரைத் தேட வேண்டியதாகின்றது.

தேடும்போது பெரும்பாலும் இரண்டு வகையானவர்கள் கிடைக்கின்றனர். ஒருவர் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த, பல பிள்ளைகளை வளர்த்துவிட்ட பெண். மத்திய கிழக்கு நாடுகளில் வருடக்கணக்காகப் பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்பியவராகவும் இருக்கலாம். மற்றவர் உயர்தரம் முடித்து, முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சியோ சிறுவர் பராமரிப்புப் பாடநெறியோ படித்துக்கொண்டு, செலவுக்காக வேலை தேடும் யுவதி. முன்னவருக்குச் சம்பளம் கூட, பின்னவருக்குக் குறைவு. இவர்களில் யாரைத் தெரிவு செய்வது?

பழைய ஏற்பாடுதான்

பிள்ளை பராமரிப்புக்கு வெளியார் ஒருவரை அமர்த்துவது குற்ற உணர்வோடு செய்ய வேண்டிய காரியமல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹலீமா ஸஃதிய்யா (ரழி) அவர்களிடம் பாலருந்தி வளர்ந்ததை நாம் அறிவோம். பாலூட்டுவதற்கு வேறொரு பெண்ணை அமர்த்துவதை அனுமதிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், அவளுக்குரிய கூலியை முறைப்படி கொடுத்துவிடும்படியும் கூறுகின்றது. இந்த ஏற்பாட்டில் பிள்ளைக்கு மட்டுமல்ல, பிள்ளையைப் பார்ப்பவளுக்கும் உரிமை உண்டு என்பதை ஆரம்பத்திலேயே மனதிற்கொள்வது நல்லது.

பிள்ளை வளர்ப்பைப் படித்துப் பெறும் தொழிலாக்கும் எண்ணமும் புதியதல்ல. இங்கிலாந்தில் எமிலி வார்ட் என்ற பெண்மணி 1892ஆம் ஆண்டிலேயே இதற்கென நோர்லாண்ட் என்ற பயிற்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். அது இன்றும் இயங்குகின்றது. அங்கு மாணவிகள் வகுப்பில் படிப்பதோடு குடும்பங்களிலும் பயிற்சி பெறுகின்றனர். ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது, வெறும் பழக்கமும் போதாது என்பதை அன்றே உணர்ந்திருக்கின்றனர்.

அனுபவம் தருவதும் தராததும்

பல பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த பெண்ணுக்குப் பிள்ளையின் அழுகையே ஒரு பாஷை. இது பசி, இது வயிற்று வலி, இது தூக்கம் என்று பிரித்தறிவாள். காய்ச்சல் கண்டால் பதறமாட்டாள். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பால் போத்தலுமாக இருக்கும்போது கதவு தட்டப்பட்டாலும் நிதானம் இழக்கமாட்டாள். முதற் பிள்ளை பெற்ற இளம் தாய்க்கு இத்தகைய ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய தைரியம்.

ஆனால் அனுபவத்தோடு பழைய பழக்கங்களும் சேர்ந்தே வரும். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தால் நன்றாகத் தூங்கும் என்பது முன்னர் பலரும் நம்பிய ஒன்று. தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களைக் குறைக்க, மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பானது என்று 1990களின் ஆரம்பத்திலிருந்து பல நாடுகளில் வைத்தியர்கள் வலியுறுத்தத் தொடங்கினர். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கலாகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. இவற்றைச் சொல்லும்போது, “நான் எத்தனை பிள்ளை வளர்த்தவள்! எனக்குத் தெரியாததா?” என்று முகம் சுளிப்பவராயின், அவருடைய அனுபவமே தடையாகிவிடும். எனவே எத்தனை வருட அனுபவம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், புதிதாக ஒன்றைக் கேட்டு நடக்கும் மனம் இருக்கின்றதா என்பதையும் பார்க்க வேண்டும்.

படிக்கும் யுவதியின் நிலை இதற்கு எதிர்மாறானது. அவள் கேட்பாள், எழுதி வைத்துக்கொள்வாள், சொன்னபடி செய்வாள். தவழும் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவாள், கதை சொல்வாள், வர்ணம் தீட்டுவாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது.

குறை எங்கே? பரீட்சை வந்தால் லீவு கேட்பாள். பாடநெறி முடிந்ததும் முன்பள்ளியில் தொழில் கிடைத்துவிடும், திருமணமும் பேசப்படும். பிள்ளை அவளோடு ஒட்டிக்கொண்ட பிறகு அவள் போய்விட்டால், அந்தப் பிரிவைத் தாங்கவேண்டியது பிள்ளைதான். அதைவிட முக்கியமானது, எதிர்பாராத ஆபத்து ஒன்று வரும் கணத்தில் அவள் தனித்து நிற்பாள் என்பது. புத்தகத்தில் படித்தது அந்நேரம் கைக்கு வருமா?

மூதூர் சகோதரியை மறப்பதெப்படி?

இந்தக் கேள்வி நமது சமூகத்துக்குப் புதியதல்ல. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் 1988ஆம் ஆண்டு பிறந்தவர். வறுமை காரணமாக 2005ஆம் ஆண்டு பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்குச் சென்றார். அப்போது வயது பதினேழு. கடவுச்சீட்டிலோ 1982இல் பிறந்ததாகப் பதியப்பட்டிருந்தது. சென்று சில வாரங்களுக்குள் அவர் பொறுப்பிலிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. பால் கொடுக்கும்போது புரையேறியது என்று அவர் கூறினார். குழந்தையின் குடும்பத்தார் கொலை என்றனர். 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அன்று நம் வீடுகளில் அழாத தாய்மார் குறைவு.

இங்கு அவ்வழக்கை ஆராய்வது நமது நோக்கமல்ல. ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். குழந்தை பராமரிப்பில் பயிற்சி பெறாத ஒரு சிறுமி, நான்கு மாதக் குழந்தையோடு தனியே விடப்பட்டாள். இரண்டு குடும்பங்கள் பிள்ளையை இழந்தன. தூரத்தில் நடந்ததற்காக அழுத நாம், நம் வீட்டிலும் அதையே செய்யலாமா? பின்தங்கிய கிராமத்திலிருந்தோ தோட்டப்புறத்திலிருந்தோ பதினைந்து, பதினாறு வயதுச் சிறுமியைக் கொண்டுவந்து, சமையலையும் உடுப்புத் துவைப்பதையும் கொடுத்து, இடுப்பில் கைக்குழந்தையையும் ஏற்றிவிடுவது எந்த வகையில் நியாயம்?

இலங்கையில் 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு அமர்த்த முடியாது. சட்டம் ஒருபுறமிருக்க, பிள்ளையைப் பார்க்கும் பொறுப்புக்குப் பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் எடுப்பதில்லை என்று நாமே உறுதி செய்துகொள்ள வேண்டும். அடையாள அட்டையைப் பார்க்காமல் வயதை நம்பலாகாது.

பிள்ளையின் வயதே தீர்ப்புச் சொல்லும்

யார் சிறந்தவர் என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. நமது பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை மணித்தியாலம், வீட்டில் வேறு யார் இருக்கின்றனர் என்று கேட்டால் விடை தானாக வரும்.

பிள்ளை ஒரு வயதுக்குக் கீழே. தாய் காலை ஏழு மணிக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார். வீட்டில் வேறு பெரியவர் எவருமில்லை. இந்நிலையில் சம்பளம் கூடினாலும் அனுபவமுள்ளவரையே எடுக்க வேண்டும். வேறு செலவைக் குறைத்துக்கொள்ளலாம். இதிற் குறைக்க முடியாது.

உம்மாவோ மாமியோ வீட்டில் இருக்கின்றார், ஆனால் தூக்கித் திரிய உடலில் தெம்பில்லை என்றால், படிக்கும் யுவதி பொருத்தமானவள். பெரியவரின் அனுபவமும் இளையவளின் கைகால்களும் சேர்ந்து ஒரு நல்ல பராமரிப்பாகும். அவளுக்கும் அது பயிற்சி.

பிள்ளைக்கு மூன்று வயதாகி, காலையில் முன்பள்ளி சென்று வருகின்றது. பிற்பகல் மூன்று நான்கு மணித்தியாலம் மட்டும் ஒருவர் தேவை. இங்கும் மாணவியே நல்ல தெரிவு. அவளுடைய வகுப்பு நேரத்தையும் பரீட்சைக் காலத்தையும் முன்கூட்டியே கேட்டு, அந்நாட்களுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நோய்வாய்ப்பட்ட குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இரட்டைக் குழந்தைகள் என்றால் அனுபவத்தைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

நேரில் கதைக்கும்போது

எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்று கேட்டால் எவரும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவர். நடைமுறையைக் கேளுங்கள்.

1. குழந்தைக்குப் பால் புரையேறி, இருமவோ அழவோ முடியாமல் திணறினால் என்ன செய்வீர்கள்? முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாங்கிச் சற்றுத் தாழ்த்தி, முதுகின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தடவை தட்ட வேண்டும். சரிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஐந்து தடவை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்வதோடு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தொண்டைக்குள் கண்மூடித்தனமாக விரலை விடக் கூடாது. வருபவருக்கு இது தெரியாவிட்டால் கற்றுக்கொடுத்து, செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பின்னரே பிள்ளையைக் கொடுங்கள். நமக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

2. காய்ச்சல் வந்தால் என்ன மருந்து கொடுப்பீர்கள்? “உங்களைக் கேட்காமல் எதுவும் கொடுக்கமாட்டேன்” என்பதே சரியான பதில். டெங்கு பரவும் நம் நாட்டில் பெரசிட்டமோல் தவிர்ந்த வேறு காய்ச்சல் மருந்துகள் ஆபத்தை விளைவிக்கலாம். பெரசிட்டமோலும் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவிலேயே கொடுக்கப்பட வேண்டும்.

3. குளிப்பாட்டும்போது தொலைபேசி அடித்தால்? பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஒரு நொடியும் நகரலாகாது.

4. விடாமல் அழுதால்? குலுக்குவதோ அடிப்பதோ கூடாது. கோபம் வந்தால் பிள்ளையைத் தொட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டு எனக்கு அழையுங்கள் என்று நாமே சொல்லிவைக்க வேண்டும்.

முன்னர் வேலை செய்த வீட்டாரோடு கட்டாயம் கதையுங்கள். மாணவியாயின் படிக்கும் நிலையத்தின் ஆசிரியையிடமும், அவளுடைய பெற்றோரிடமும் கதையுங்கள். கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழைக் கேட்பதில் வெட்கமில்லை. அடுத்து, வேலைக்குத் திரும்புவதற்கு முன் ஒரு கிழமையாவது நீங்கள் வீட்டிலிருக்க அவரைப் பிள்ளையோடு பழகவிடுங்கள். நேரில் கேட்டு அறிய முடியாததை அந்த ஒரு கிழமை காட்டிவிடும்.

நம் வீட்டு ஒழுங்கு

கணவர் மட்டும் வீட்டில் தனித்திருக்கும் நேரத்தில் அப்பெண் வரும்படியாக ஏற்பாடு செய்யலாகாது. இது மார்க்க ஒழுங்கு மட்டுமன்று. வந்திருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்பு. வருபவர் வேற்று மதத்தவராயின், நம் வீட்டின் உணவு ஒழுங்கை முதல் நாளே அன்போடு விளக்கிவிடுங்கள். அவருடைய பண்டிகைக்கு லீவு கொடுங்கள். இரவாகிவிட்டால் யுவதி வீடு திரும்ப வாகன வசதியைப் பொறுப்பெடுங்கள்.

பிள்ளை பார்க்க வந்தவரிடம் முழு வீட்டு வேலையையும் சுமத்துவது பலர் விடும் தவறு. அடுப்பில் சோறும் மடியில் பிள்ளையுமாக இருப்பவர் இரண்டில் ஒன்றைக் கவனிக்க முடியாது. வேலை இன்னது, நேரம் இன்னது, சம்பளம் இவ்வளவு, லீவு இத்தனை நாள், விலகுவதாயின் ஒரு மாதம் முன் அறிவித்தல் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. மாணவிக்குச் சம்பளம் குறைவு என்பதற்காக அவளுடைய படிப்பு நேரத்தையும் பறித்துக்கொள்வது அநீதி.

பிள்ளையின் பேச்சும் முகமும் நமக்குச் சாட்சி. சிரித்து விளையாடிய பிள்ளை குறிப்பிட்டவரைக் கண்டதும் சுருங்கினால், உடலில் காரணமற்ற தழும்பு கண்டால், தட்டிக்கழிக்காமல் விசாரியுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இதற்கென இருக்கின்றது. வீட்டில் வேலை செய்யும் சிறுமி துன்புறுத்தப்படுகின்றாள் என்றாலும் அதே இலக்கம்தான்.

சகோதரிகளே! அனுபவமா, படிப்பா என்று தேடும் நாம், இரண்டுக்கும் அடியில் இருக்கவேண்டிய அமானிதம் பேணும் குணத்தை முதலில் தேடுவோம். அந்தக் குணமுள்ளவருக்கு அனுபவம் குறைவாயின் கற்றுக்கொடுக்கலாம். பழைய பழக்கம் இருந்தால் எடுத்துச் சொல்லலாம். நம் பிள்ளையை அவரிடம் அமானிதமாக ஒப்படைக்கும்போது, இன்னொரு தாயின் பிள்ளையான அவரும் நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்படுகின்றார்.