கடல் தாண்டி வந்த இங்கிலீஷ் வாத்தியார்கள்

ஜப்பான் நாட்டில் மாட்சுயே என்று ஓர் ஊர். ஏரிக்கரையில் அமைந்த அழகான ஊர். அங்கே ஒரு பழைய கோட்டை இருக்கிறது. கோட்டையைச் சுற்றி அகழி ஓடுகிறது.

அந்த அகழியின் ஓரத்தில் ஒரு சிறிய ஓட்டு வீடு. தினமும் ஜனங்கள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைகிறார்கள். தோட்டத்தைப் பார்த்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அது ராஜா வாழ்ந்த வீடு அல்ல. மந்திரியின் வீடும் அல்ல. ஓர் இங்கிலீஷ் வாத்தியார் வாடகைக்கு இருந்த வீடு!

அவர் ஜப்பானில் பிறந்தவரும் அல்ல. பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்தவர்.

100 யென் சம்பளம்

அவர் பெயர் லாப்காடியோ ஹெர்ன். 1850-ம் ஆண்டில் கிரீஸ் நாட்டுத் தீவு ஒன்றில் பிறந்தார். தாய் கிரேக்கப் பெண். தந்தை அயர்லாந்துக்காரர், ராணுவ டாக்டர்.

சின்ன வயதிலேயே தாயும் தந்தையும் அவரை விட்டுப் பிரிந்து விட்டார்கள். உறவினர் வீட்டில் வளர்ந்தார். பள்ளிக்கூட விளையாட்டில் அடிபட்டு இடது கண் பார்வை போய்விட்டது. அப்போது வயது 16.

பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பத்திரிகை நிருபர் ஆனார். 1890-ல், 39 வயதில், கட்டுரை எழுதுவதற்காக ஜப்பான் வந்தார். வந்த இடத்தில் அமெரிக்கப் பதிப்பாளரோடு தகராறு. கையில் பணம் இல்லை. ஏதாவது ஒரு வேலை வேண்டும்.

மாட்சுயே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 100 யென். யென் என்பது ஜப்பான் நாணயம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

ஹெர்னுக்கு ஜப்பான் பாஷை தெரியாது. மாணவர்களுக்கோ இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் வாத்தியாருக்கும் பிள்ளைகளுக்கும் பாசம் ஒட்டிக் கொண்டது. சாயங்காலம் ஆனால் மாணவர்கள் அவர் வீட்டுக்கு வருவார்கள். வீட்டில் இருக்கும் பழைய வாளையும் படத்தையும் கொண்டு வந்து காட்டுவார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவன் கடும் நோயில் விழுந்தான். பிழைக்க மாட்டான் என்று தெரிந்து விட்டது. ஒரு குளிர்கால இரவில் அவன், "என் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும்" என்றான். வீட்டுக் கிழ வேலைக்காரர் அவனை முதுகில் சுமந்து போனார். இருட்டில் நின்ற பள்ளிக்கூடத்தைக் கண் நிறையப் பார்த்துவிட்டுத் திரும்பினான். பிறகு இறந்து போனான்.

இதை ஹெர்ன் மறக்கவில்லை. 1894-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

சம்பளம் இரண்டு மடங்கு!

மாட்சுயேயில் ஹெர்ன் செட்சு என்ற பெண்ணை மணந்தார். அவள் வாள் வீரர் குடும்பத்துப் பெண். நொடித்துப் போன குடும்பம்.

மாட்சுயே குளிர் ஹெர்ன் உடம்புக்கு ஒத்துக் கொள்ளவில்லை. 1891-ல் குமாமோட்டோ என்ற ஊரில் வேறு வேலைக்குப் போனார். அங்கே சம்பளம் 200 யென். இரண்டு மடங்கு!

ஆனால் மனம் ஒட்டவில்லை. பெரிய பள்ளிக்கூடம். மாணவர்கள் வீட்டுக்கு வருவதில்லை. சக ஆசிரியர்கள் நெருங்கிப் பழகுவதில்லை. 100 யென் வாங்கியபோது இருந்த சந்தோஷம் 200 யென் வாங்கியபோது இல்லை.

1896-ல் ஹெர்ன் ஜப்பான் பிரஜை ஆனார். கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக் கொண்டார். அதே ஆண்டில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

1903-ல் பல்கலைக்கழகம் அவரை அனுப்பிவிடத் தீர்மானித்தது. மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். அதன் பிறகு, குறைந்த நேரத்துக்குக் குறைந்த சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். ஹெர்ன் மறுத்து வெளியேறினார். அடுத்த ஆண்டே மாரடைப்பால் காலமானார்.

ஹெர்ன் காலத்தில் எழுந்த கேள்வி இன்றைக்கும் இருக்கிறது. கடல் தாண்டிப் போய்ப் பாடம் சொல்லும் வாத்தியாருக்கு மன நிறைவு எதில் கிடைக்கிறது? சம்பளத்திலா? மரியாதையிலா? பிள்ளைகளிடமா?

848 பேர் வந்தார்கள்

இந்தக் காலத்தில் ஜப்பானில் ஹெர்னைப் போல ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள்.

1980-களில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் வியாபாரத் தகராறு முற்றியது. "ஜப்பான் தன் பொருள்களை மட்டும் விற்கிறது, வெளி உலகத்துக்குக் கதவைத் திறப்பதில்லை" என்று குறை சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் ஜப்பான் சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. வெளிநாட்டு வாலிபர்களையும் பெண்களையும் அழைத்து வந்து, கிராமப் பள்ளிக்கூடங்களில் கூட இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வைப்பது என்று முடிவு செய்தது. "ஜெட்" திட்டம் என்று அதற்குப் பெயர்.

1987-ல் முதல் கூட்டம் வந்து இறங்கியது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற 4 நாடுகளிலிருந்து 848 பேர். அதன் பிறகு 70-க்கும் அதிகமான நாடுகளிலிருந்து 70 ஆயிரம் பேருக்கு மேல் வந்து போய்விட்டார்கள்.

வருவதற்குக் கல்லூரிப் பட்டம் வேண்டும். ஆசிரியர் பயிற்சி வேண்டும் என்பதில்லை. ஜப்பான் பாஷை தெரிய வேண்டும் என்பதும் இல்லை. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. அதிகம் போனால் 5 வருஷம் இருக்கலாம்.

விருப்பமான ஊரைச் சொல்லலாம். ஆனால் கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. ஒருவர் டோக்கியோவைக் கேட்பார். மலைக்கிராமம் கிடைக்கும். இன்னொருவருக்குக் கப்பலில் போக வேண்டிய தீவு கிடைக்கும். ஊரிலேயே வெளிநாட்டுக்காரர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கடையில் என்ன வாங்குகிறார் என்பது மறுநாள் பள்ளிக்கூடம் முழுவதும் தெரிந்திருக்கும்!

காலை முதல் மாலை வரை

பள்ளிக்கூடத்தில் இவர்கள் உதவி ஆசிரியர்கள். வகுப்புக்குப் பொறுப்பு ஜப்பான் ஆசிரியர்தான். இரண்டு பேரும் சேர்ந்து பாடம் நடத்த வேண்டும்.

ஜப்பான் ஆசிரியர் இலக்கணத்தை விளக்குவார். வெளிநாட்டு ஆசிரியர் உச்சரித்துக் காட்டுவார். பிள்ளைகளைப் பேச வைப்பார். விளையாட்டு வைத்துப் பாடம் நடத்துவார்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு. பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி அணிந்து பரிமாறுகிறார்கள். வாத்தியாரும் வகுப்பில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து வகுப்பைக் கூட்டித் துடைக்கிறார்கள். வகுப்பில் வாய் திறக்காத பையன், தரை துடைக்கும்போது மெதுவாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை பேசுவான். வாத்தியாருக்கு அன்று முழுவதும் சந்தோஷம்!

இதெல்லாம் நல்ல பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது.

சில பள்ளிக்கூடங்களில் வெளிநாட்டு ஆசிரியருக்கு வேலையே கொடுப்பதில்லை. "இந்தப் பாராவைப் படியுங்கள்" என்பார்கள். படிப்பார். "மறுபடியும் படியுங்கள்" என்பார்கள். மறுபடியும் படிப்பார். பிறகு வகுப்பின் ஓரமாக நிற்பார். "நாங்கள் மனிதர்களா, டேப் ரிக்கார்டர்களா?" என்று இந்த ஆசிரியர்கள் நொந்து கொள்வது பழைய கதை.

பரீட்சை நெருங்கினால் இன்னும் மோசம். உயர்நிலைப் பள்ளி நுழைவுப் பரீட்சையில் எழுத்துக்குத்தான் மார்க்கு அதிகம். பேச்சை யார் கவனிப்பது?

கோடை விடுமுறையில் பிள்ளைகள் வருவதில்லை. ஆனால் வாத்தியார் வந்தாக வேண்டும். காலை முதல் மாலை வரை காலி மேஜை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். உழைத்துக் களைத்துப் போகிறவர்கள் உண்டு. சும்மா உட்கார்ந்து களைத்துப் போகிறவர்கள் இவர்கள்!

அதனால்தான் இவர்களுக்குள் ஒரு பேச்சு வழங்குகிறது. "ஒவ்வொருவர் நிலைமையும் வேறு" என்பார்கள். ஒரே திட்டம், ஒரே சம்பளம். ஒருவர் 5 வருஷம் இருந்துவிட்டுக் கண்ணீரோடு பிரிகிறார். இன்னொருவர் முதல் வருஷம் முடிந்ததுமே மூட்டை கட்டுகிறார்.

கம்பெனி வாத்தியார்கள்

ஜெட் ஆசிரியர்களுக்கு வேலை நிச்சயம். சம்பளம் பல வருஷம் ஏறாமலே இருந்தது. 2025-ல் உயர்த்தினார்கள். முதல் வருஷத்துக்கு 40 லட்சத்து 20 ஆயிரம் யென் ஆயிற்று.

ஆனால் எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. பல ஊர்கள் தனியார் கம்பெனிகளிடமிருந்து ஆசிரியர்களைக் குத்தகை போல எடுக்கின்றன. வகுப்பு ஒன்றுதான். வேலை ஒன்றுதான். சம்பளம் மட்டும் குறைவு. வாரத்துக்கு 29½ மணி நேர வேலை என்று ஒப்பந்தம் எழுதிய கம்பெனிகள் இருந்தன. அந்த அரை மணியை ஏன் குறைத்தார்கள்? அந்தக் கால விதிப்படி 30 மணி ஆகிவிட்டால் முதலாளியும் பங்கு போட்டு இன்சூரன்ஸ் கட்ட வேண்டி வருமே என்ற பயம்!

கம்பெனியை நம்பி வந்தவர்கள் பட்ட பாட்டுக்கு "நோவா" கதை ஒன்று போதும்.

நோவா அப்போது ஜப்பானிலேயே பெரிய இங்கிலீஷ் பேச்சுப் பள்ளியாக இருந்தது. ரெயில் நிலையத்துக்கு ரெயில் நிலையம் கிளை வைத்திருந்தது. 4 ஆயிரத்துக்கும் அதிகமான வெளிநாட்டு ஆசிரியர்கள் வேலை பார்த்தார்கள்.

2007-ல் சம்பளம் தாமதமாக வர ஆரம்பித்தது. பிறகு வராமலே நின்றது. வீட்டு வாடகையைக் கம்பெனி சம்பளத்தில் பிடித்துக் கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பணம் வீட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. "வீட்டைக் காலி செய்யுங்கள்" என்று பலருக்கு நோட்டீசு வந்தது. அக்டோபரில் கம்பெனி விழுந்து விட்டது. ஊழியர் சேமநிதியில் கை வைத்ததற்காக முதலாளியைக் குற்றவாளி என்று 2009-ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பாஷை தெரியாத ஊர். கையில் காசு இல்லை. டிக்கெட் வாங்கி ஊர் திரும்பவும் வழியில்லை. அந்த ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்?

தொழிற்சங்கம் ஒரு யோசனை சொன்னது. "பாடத்துக்குச் சாப்பாடு" என்பதுதான் அது. மாணவர்கள் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மாணவர்களில் பலர் முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள். அவர்களே வாத்தியாருக்குச் சோறு போட்டார்கள்!

ஆசிரியை டெய்லர்

வட ஜப்பானில் இஷினோமாகி என்ற கடற்கரை ஊர். 2008-ல் அங்கே ஓர் அமெரிக்கப் பெண் ஜெட் ஆசிரியையாக வந்தார். பெயர் டெய்லர் ஆண்டர்சன். வர்ஜீனியா மாகாணத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலிருந்தே ஜப்பான் மீது ஆசை. பல பள்ளிக்கூடங்களுக்கு மாறி மாறிப் போய்ப் பாடம் சொன்னார்.

2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. பிற்பகல் 2 மணி 46 நிமிடம். பூமி அதிர்ந்தது. ஜப்பான் சரித்திரத்தில் பதிவான பூகம்பங்களிலேயே பெரியது.

டெய்லர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார். மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து பிள்ளைகளை வெளியே அழைத்து வந்தார். பயந்து அழுத பிள்ளைகளைத் தேற்றினார். பெற்றோர்கள் வந்து அழைத்துப் போகும் வரை உடன் இருந்தார்.

பிறகு சைக்கிளில் ஏறி வீட்டை நோக்கிப் போனார். வழியில் சுனாமி வந்தது.

அந்த ஊரில் மட்டும் 3 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் டெய்லரும் ஒருவர். வயது 24. ரிகுசென்டகாட்டா என்ற ஊரில் இன்னொரு இளம் ஜெட் ஆசிரியரும் உயிரிழந்தார். அவரும் அமெரிக்கர்.

மகளை இழந்த பெற்றோர் ஜப்பானை வெறுக்கவில்லை. மகள் பெயரால் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். டெய்லருக்குப் புத்தகம் என்றால் உயிர். அதனால் அவர் பாடம் சொன்ன பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலீஷ் புத்தகங்களும், அவற்றை வைக்க மர அலமாரிகளும் கொடுத்தார்கள்.

அந்த அலமாரிகளைச் செய்தவர் அதே ஊர்த் தச்சர் ஒருவர். சுனாமியில் தம் 3 பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். அவருடைய பிள்ளைகளும் டெய்லரிடம் இங்கிலீஷ் படித்தவர்கள். பிள்ளைகளை இழந்த அந்தத் தகப்பனார், பிள்ளைகளின் ஆசிரியைக்காக மரம் அறுத்து அலமாரி செய்தார்.

எது நிறைவு?

இந்த வாத்தியார்களுக்கு நல்ல சம்பளம் வேண்டும். நிச்சயமான வேலை வேண்டும். "அன்பு இருந்தால் போதும்" என்று சொல்லி யாரும் அரை வயிற்றுச் சம்பளம் கொடுக்கக் கூடாது. நோவா கதை அதைச் சொல்கிறது.

ஆனால் சம்பளம் மட்டும் போதாது. ஹெர்னின் கதை அதைச் சொல்கிறது. "இவர் வெளியிலிருந்து வந்தவர்" என்று ஒதுக்கி வைத்தால், 200 யென் கொடுத்தாலும் மனம் நிறையாது. "இவர் எங்கள் வாத்தியார்" என்று சேர்த்துக் கொண்டால் அந்த ஊரே அவருக்குச் சொந்த ஊர் ஆகிவிடுகிறது.

ஹெர்ன் மாட்சுயேயில் இருந்தது ஒன்றேகால் வருஷம்தான். ஆனால் அந்த ஊர் அவர் வீட்டை இன்னும் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறது. இஷினோமாகியில் டெய்லர் இருந்தது 3 வருஷம் கூட இல்லை. அவரைப் பார்த்தே இராத பிள்ளைகள் அந்த அலமாரியில் புத்தகம் எடுத்துப் படிக்கிறார்கள்.