அலுவல் இல்லாமல் கொழும்புக்கு: குறைந்த செலவில் ஒரு குடும்பப் பயணம்

வன்னியில் யாராவது கொழும்புக்குப் போகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி "என்ன அலுவல்?" என்பதுதான். கடவுச்சீட்டு, தூதரகம், மகரகம வைத்தியசாலை, நீதிமன்றத் தவணை, வெளிநாடு போகிறவரை விமான நிலையத்தில் விட்டுவருவது என்று ஏதாவது ஒன்று பதிலாக வரும். சும்மா பார்க்கப் போகிறோம் என்று சொல்பவர்கள் குறைவு. எங்கள் பிள்ளைகளில் பலர் தலைநகரத்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

கடந்த வருடம் பாடசாலை விடுமுறையில் நாங்கள் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போய் இரண்டு இரவுகள் தங்கித் திரும்பினோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், பிள்ளைகளின் அம்மம்மா என ஐந்து பேர். எந்த அலுவலும் இல்லை. எவ்வளவு முடிந்தது, எங்கே தங்கினீர்கள், பயமில்லையா என்று அயலில் பலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு

சுற்றுலாவுக்கென்று கடன் வாங்கக்கூடாது, நகை அடகு வைக்கக்கூடாது. இதுதான் முதல் விதி. நுண்கடன் எங்கள் கிராமங்களில் என்ன செய்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. கிழமைக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் வீடு, அது முடியும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

நாங்கள் சீட்டுப் பிடித்தோம். ஒன்பது பேர், மாதம் 5,000 ரூபா. விடுமுறைக்கு முந்திய மாதக் கழிவை எங்களுக்குத் தரும்படி தொடக்கத்திலேயே கேட்டு வைத்தோம். கைக்கு வந்த 45,000 ரூபாவை ஆறாகப் பிரித்து ஆறு கடித உறைகளில் போட்டோம். போய்வரும் போக்குவரத்துக்கு 13,000. இரண்டு இரவு அறைக்கு 12,000. சாப்பாட்டுக்கு 10,000. நகரத்துக்குள் பஸ், புகையிரதம், முச்சக்கரவண்டிக்கு 3,500. நுழைவுக் கட்டணங்களுக்கு 2,500. மிச்சம் 4,000 அவசரத்துக்கு.

இவை விலைப்பட்டியல் அல்ல, எங்களுக்கு நாங்களே போட்ட எல்லைகள். விலைகள் மாறும். ஆனால் இந்த முறை மாறாது. ஓர் உறை மெலிந்தால் இன்னோர் உறையிலிருந்து எடுக்கலாம், வெளியிலிருந்து எடுக்கக்கூடாது. உறைகளைப் பிள்ளைகளிடமும் காட்டினோம். எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை கடைக்கு முன்னால் நின்று அடம்பிடிப்பது குறைவு.

எப்போது, எதில் போவது

வடக்குப் பாதையில் வவுனியாவுக்கு அப்பால் 1990இல் நின்றுபோன புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்குப் பஸ்ஸைவிட இதுவே வசதி. எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, கட்டுச்சோற்றை மடியில் வைத்துச் சாப்பிடலாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, பன்னிரண்டு வயது வரை அரைக்கட்டணம்.

ஆசனத்தை முன்பதிவு செய்யுங்கள். பதிவு தொடங்கும் நாளிலேயே போனால்தான் ஐந்து பேருக்கும் ஒன்றாக இடம் கிடைக்கும். அடையாள அட்டை இலக்கங்களை எழுதிக்கொண்டு போங்கள். திருத்தவேலை, வெள்ளம் என்று பாதை இடையிடையே தடைப்படுவதுண்டு. எனவே புறப்பட முதல்நாள் நிலையத்திலோ, 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்திலோ கேட்டு உறுதிப்படுத்துங்கள். அங்கே தமிழில் கேட்கலாம்.

நல்லூர்த் திருவிழா நாட்களையும் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களையும் தவிர்த்தால் நெரிசல் குறையும். நீண்ட வார இறுதிகளும் அப்படித்தான். கிழமை நாட்களில் அறை வாடகையும் பேசிக் குறைக்கலாம்.

இரவுத் தபால் புகையிரதத்தில் போனால் ஓர் இரவு அறைக்காசு மிச்சம்தான். ஆனால் தூங்காத பிள்ளைகளையும் கால் வீங்கிய அம்மம்மாவையும் விடியற்காலையில் கோட்டையில் இறக்கினால் அடுத்த நாள் முழுவதும் வீணாகும். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது, பகலில் ஏறிப் பகலில் இறங்குங்கள். முன்பின் தெரியாத இடத்தை இருட்டில் தேடத் தேவையில்லை.

தங்குமிடமும் பழைய பயமும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய மூன்றும் எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான இடங்கள். தமிழில் பேசலாம், சைவக் கடைகள் உண்டு. நாங்கள் வெள்ளவத்தையில் சமையலறையோடு கூடிய ஓர் அனெக்ஸ் எடுத்தோம். ஐந்து பேருக்கு இரண்டு லொட்ஜ் அறைகளைவிட அது மலிவு. காலையில் தேநீரும் பாணும் அங்கேயே முடிந்தது. எடுக்கும் முன் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: வாடகை அறைக்கா தலைக்கா, எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனையாவது மாடி, மின்தூக்கி இருக்கிறதா.

திட்டம் சரிவந்த பிறகும் அம்மம்மா கேட்ட கேள்வி ஒன்று இருந்தது. "பொலிஸ் பதிவு செய்ய வேணுமே?"

இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடக்கக்கூடாது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில் கொழும்பில் தங்கிய எவருக்கும் பதிவுத் துண்டு இல்லாத இரவு எப்படியிருக்கும் என்று தெரியும். 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வடக்குக்கு வந்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் முடிவுக்கு வந்தது. இன்று விடுதியில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொள்வார்கள். அது எல்லா விருந்தினருக்கும் பொதுவானது. ஆனால் பயம் சட்டத்தோடு சேர்ந்து முடிவதில்லை. வர விரும்பாத மூத்தவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வருகிறவர்களுக்கு எங்கே தங்குகிறோம், யார் வீட்டுக்காரர், எந்த வழியால் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நாங்கள் வீட்டுக்காரரோடு அம்மம்மாவைத் தொலைபேசியில் பேசவைத்தோம். அதன் பிறகுதான் அவர் பை அடுக்கத் தொடங்கினார்.

காயம்பட்டவர் வீட்டில் இருந்தால்

செயற்கைக்காலோடும் உடலில் செல் துண்டுகளோடும் வாழ்பவர்கள் எங்களில் பலர். அவர்களை விட்டுவிட்டுப் போகத் தேவையில்லை, திட்டத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். கொமட் வைத்த கழிப்பறையா என்று கேளுங்கள். புகையிரதப் படி உயரமானது, ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். செயற்கைக்கால் போடுபவருக்கு மேலதிகக் காலுறையும் மருந்துத் துண்டும் பையில் இருக்கட்டும். ஒரு நாளுக்கு ஓரிடத்துக்கு மேல் நடத்தவேண்டாம். திடீர்ச் சத்தங்களால் கலங்குபவர்கள் இருந்தால் வெடி கொளுத்தும் விழா நாட்களைத் தவிருங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம்.

எதைப் பார்ப்பது

மூன்று நாட்களில் ஏழெட்டு இடங்கள் என்று போட்டால் காசும் உடம்பும் சேர்ந்து முடியும். ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், ஓர் இலவச இடம். இதுதான் எங்கள் கணக்கு.

முதல்நாள் மாலை களைப்போடு இறங்கினோம். வெள்ளவத்தைக் கடற்கரையோடு முடித்துக்கொண்டோம். தண்டவாளத்துக்கு அப்பால் உடனே கடல். புகையிரதம் வரும் பாதை என்பதால் சின்னப் பிள்ளைகளின் கையை விடக்கூடாது.

இரண்டாம் நாள் காலை தேசிய நூதனசாலை. 1877இல் திறக்கப்பட்டது. உள்நாட்டவருக்கான கட்டணம் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரைக் கூட்டிப் போனால் அவர்களுக்கு வேறு கட்டணம் என்பதை நினைவில் வையுங்கள். கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அதோடு இரண்டு பொருட்களைத் தேடிக் காட்டுங்கள். ஒன்று, பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலத் திருவுருவங்கள். மற்றது, காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே. சீனம், பாரசீகம், தமிழ் ஆகியவையே அதிலுள்ள மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயினாருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. எழுத்து தேய்ந்திருக்கிறது, பிள்ளைகளால் உடனே வாசிக்க முடியாது. ஆனாலும் அறுநூறு வருடங்களுக்கு முன் இந்தத் தீவின் தெற்குக்கு வந்த ஒருவர் தமிழிலும் எழுதவேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதைப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று சொல்லும்போது பிள்ளைக்கு நன்றாக விளங்கும்.

நூதனசாலைக்குப் பக்கத்திலேயே விகாரமகாதேவி பூங்கா. கட்டணம் இல்லை, விளையாட இடமுண்டு, மரநிழலில் சோற்றுப் பார்சலை விரிக்கலாம்.

மாலையில் காலிமுகத்திடல். பட்டம், இறால் வடை, கடற்காற்று. இங்கேயும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. 1956 ஜூன் 5ஆம் திகதி தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இங்கேதான் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், குண்டர்களால் தாக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 66 வருடங்களின் பின், 2022 மே 18ஆம் திகதி, போராட்டக்காரர்கள் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை இதே திடலில் நினைவுகூர்ந்து கஞ்சி பரிமாறினார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பிள்ளைக்குப் பாதி நகரம்தான் தெரியும்.

மூன்றாம் நாள் காலை அறையைக் காலி செய்து, பைகளைக் கோட்டை நிலையத்தில் பொதி வைக்கும் அறையில் கொடுத்தோம். அங்கிருந்து கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டிய கோயில் அது. வெயிலில் வந்தவருக்கு உள்ளே குளிரும். அதே பகுதியில்தான் புனித அந்தோனியார் தேவாலயமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்த தேவாலயம். இழப்பு என்றால் என்னவென்று தெரிந்த நாங்கள் அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தோம். பிறகு புறக்கோட்டை. பாடசாலைப் பைகளும் காலணிகளும் வாங்கியதும் சாப்பாட்டு உறையில் மிஞ்சியது முடிந்தது.

மிருகங்களைப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் என்றால் நூதனசாலைக்குப் பதிலாகத் தெஹிவளை மிருகக்காட்சிசாலையைப் போடலாம். இரண்டையும் ஒரே நாளில் போடவேண்டாம்.

மொழியும் பஸ்ஸும்

சிங்களம் தெரியாது என்பது பலரைத் தடுக்கிறது. கொழும்பில் இலக்கங்கள் கைகொடுக்கும். காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்குப் போகும். நூதனசாலை, பூங்காப் பக்கம் போக 138. கடற்கரைப் புகையிரதம் இன்னும் சுலபம், பாதை கடலோடு ஒட்டியே போகும்: கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை. முச்சக்கரவண்டியைத் தொலைபேசிச் செயலியில் அழைத்தால் ஏறமுதலே கட்டணம் தெரியும், பேரம் பேசத் தேவையில்லை.

தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் சிங்களத்தில் எழுதித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தோடு அதை ஒவ்வொரு பிள்ளையின் பொக்கற்றிலும் வையுங்கள். தமிழில் பேசத் தயங்கவும் வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான். நிலையத்திலும் நூதனசாலையிலும் தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல.

திரும்பியதும் ஆறு உறைகளையும் எண்ணினோம். அவசர உறையில் 2,600 ரூபா மிஞ்சியிருந்தது. செலவுக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி, பஸ் இலக்கங்களையும் வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் அதிலேயே சேர்த்தோம். அந்தக் கொப்பி இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவர்கள் அடுத்த விடுமுறைக்குச் சீட்டுத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் புதிய சீட்டு திருகோணமலைக்கு.