மங்கிய போத்தலுக்கு மறுமெருகு

மண்ணில் புதைந்து கிடந்த பழைய கண்ணாடிப் போத்தல்களில் வெண்மையாக ஒரு மங்கல் படர்ந்திருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அது போவதில்லை. காரணம், அது அழுக்கன்று. கண்ணாடியில் கலந்துள்ள சோடியத்தை ஈரம் பல ஆண்டுகளாக அரித்தெடுத்ததால், மேற்பரப்பே சிதைந்துவிட்டது. நனைத்தால் மங்கல் மறைந்ததுபோல் தோன்றும், காய்ந்ததும் திரும்பிவிடும்.

இதற்குச் சேகரிப்பாளர்கள் சுழல் இயந்திரத்தை நாடுகின்றனர். போத்தலுக்குள் சிறு செம்புக் கம்பித் துண்டுகளையும், நீரையும், மெருகுத் தூளையும் இடுகின்றனர். பின்னர் அதை ஓர் உருளைக் கலத்துக்குள் அசையாமல் பொருத்தி, சுற்றிலும் அதே கலவையை நிரப்பி, மோட்டார் மூலம் பல நாள் மெதுவாகச் சுழலவிடுகின்றனர். செம்பு கண்ணாடியைவிட மென்மையானது. தூளைக் கண்ணாடியின் மீது அழுத்துவதே அதன் வேலை. தேய்ப்பது தூள்தான். ஆழமான சிதைவுக்குச் சிலிக்கன் கார்பைடும், இறுதி மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடும் பயன்படுகின்றன.

ஆனால், இது கழுவுதல் அன்று, கண்ணாடியைச் சீவுதல். 1883இல் சிங்கப்பூரில் சோடாத் தொழிலைத் தொடங்கிய பிரேசர் அண்ட் நீவ் போன்ற நிறுவனங்களின் பழைய போத்தல்களில் பெயர் புடைப்பெழுத்தாக இருக்கும். போத்தலின் அடையாளம் அதுவே. முரட்டுத் தூள் அளவுக்கு மீறி ஓடினால் எழுத்து மழுங்கும், மீண்டும் வராது. விரிசல் கண்ட போத்தல் உடைந்தும் போகலாம்.

எனவே, முதலில் சாதாரணப் போத்தல் ஒன்றில் பழகிக்கொள்வது நல்லது. அரிய போத்தலாயின், மங்கலோடு விட்டுவைப்பதே பாதுகாப்பு.