மட் டயர் வாங்கப் போறீங்களா? முதலில் உங்க வண்டி எந்த மண்ணில் ஓடுதுன்னு பாருங்க!

போன ஐப்பசி மழையில், கோவில்பட்டி பக்கத்துச் சொந்த ஊருக்குத் தன் தார் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார் நண்பர் ஒருவர். சென்னையில் ஐடி வேலை. ஃபோர் வீல் டிரைவ் இருக்கிற தைரியத்தில் மெயின் ரோட்டிலிருந்து இறங்கி, காட்டுப் பாதையில் வண்டியை விட்டார். அங்கெல்லாம் ‘காடு’ என்றால் மானாவாரி நிலம். 200 மீட்டர்கூடப் போகவில்லை. நாலு சக்கரமும் சுத்துது, வண்டி மட்டும் நகரவில்லை.

கடைசியில் அவருடைய சித்தப்பா டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார். இழுக்கும்போது ஒரு டயலாக் வேறு: “ஏலே, இது கரிசலு. இதுல தண்ணி விழுந்தா மாடே நடக்காது, நீ காரைக் கொண்டாந்து விட்டிருக்க.”

சென்னை திரும்பியதும் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்ட முதல் மெசேஜ், “மச்சி, கம்மி விலையில நல்ல மட் டயர் எது?” அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. தார், ஜிம்னி, பொலேரோ கேம்பர், வி-கிராஸ், ஹைலக்ஸ் என்று எதை வைத்திருந்தாலும் இதே கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும்.

மட் டயர்னா என்ன?

கடையில் மூன்று எழுத்துச் சேர்க்கைகளைச் சொல்வார்கள். ஹெச்/டி என்றால் ஹைவே டயர். ஏ/டி என்றால் ஆல் டெரெய்ன், ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில். எம்/டி என்றால் மட் டெரெய்ன், நாம் பேசப்போகும் மட் டயர்.

எம்/டி-யை அடையாளம் காண்பது சுலபம். பட்டன்கள் பெரிசாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். டயரின் பக்கவாட்டிலும் பல் பல்லாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். பட்டன்களுக்கு இடையே இருக்கும் அந்தக் காலி இடம்தான் இந்த டயரின் வேலையே. சேறு அதற்குள் புகும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது வெளியே வீசப்படும். அடுத்த சுற்றில் சுத்தமான பட்டன் மறுபடியும் மண்ணைக் கடிக்கும். இடைவெளி குறைவான டயரில் சேறு அடைத்துக்கொண்டால், நல்ல டயரும் மொட்டை டயர் மாதிரிதான். நண்பரின் வண்டிக்கு நடந்தது அதுவே. அவர் வண்டியில் இருந்தது ஏ/டி.

அப்போ எம்/டி போட்டிருந்தால் வெளியே வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

எல்லாச் சேறும் ஒண்ணு இல்ல

மட் டயர் பற்றிய யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இது. கரிசலில் இருக்கும் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் வெடிக்கும். நனைந்த கரிசல் பசை மாதிரி. டயரில் ஒட்டி, மட்கார்டு வரை ஏறி, சக்கரத்தையே உருண்டையாக்கிவிடும். கீழே கெட்டியான தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பெரிய இடைவெளி உள்ள எம்/டி இங்கே உதவும். ஆனால் நல்ல மழைக்குப் பிறகு எந்த டயரும் உத்தரவாதம் கிடையாது.

செம்மண் வேறு மாதிரி. மேலே ஒரு படலம் வழுக்கும், அதற்குக் கீழே பெரும்பாலும் கெட்டித் தரை. இங்கே அகலம் குறைந்த டயர் மேல் படலத்தை அறுத்துக்கொண்டு போய்க் கீழே பிடித்துக்கொள்ளும். பழைய ஜீப்புகள் 6.00-16 என்ற ஒல்லி டயரோடு மலை மலையாக ஏறியதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. “அகலமா இருந்தாத்தான் கெத்து” என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

டெல்டா பக்க வயல் சேறு இன்னொரு ரகம். அங்கே டிராக்டரே கேஜ் வீல் மாட்டித்தான் இறங்குகிறது. காரை இறக்கவே வேண்டாம், அவ்வளவுதான்.

கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பாதையில் உடம்பைக் குலுக்குவது கல். கல் பாதையில் முக்கியம் பக்கவாட்டு ரப்பரின் பலம். சேறு தள்ளும் திறமை அடுத்ததுதான். நம் ஊரில் ‘ஆஃப்-ரோடு’ என்று போகிற இடங்களில் பாதி இப்படிக் கல்லும் புழுதியும்தான். அதற்கு நல்ல ஏ/டி போதும்.

விலை கம்மி, செலவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் அளவுக்கும் பிராண்டுக்கும் தகுந்தபடி மாறும், இது புரிவதற்காக மட்டும். ஒரு ஏ/டி டயர் 12,000 ரூபாய், 50,000 கி.மீ. ஓடுகிறது என்று வைப்போம். ஒரு எம்/டி 15,000 ரூபாய், 30,000 கி.மீ. ஓடுகிறது. நாலு டயருக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு முதலாவதில் 96 காசு, இரண்டாவதில் 2 ரூபாய். எம்/டி-யின் பெரிய பட்டன்கள் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும். எடையும் உராய்வும் கூடுவதால் மைலேஜ் குறையும். அந்த டீசல் காசு இந்தக் கணக்கில் இல்லை.

நண்பரின் கதைக்கு வருவோம். சென்னையிலிருந்து ஊருக்குப் போய்வரவே 1,100 கி.மீ.-க்கு மேல். அதில் மண் பாதை எவ்வளவு என்று கேட்டால், யோசித்துவிட்டு “ரெண்டு, மூணு கிலோமீட்டர்” என்றார். மற்ற நாளெல்லாம் ஆபீஸ் பார்க்கிங்.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ரோட்டு டயர்களின் பட்டன் மேல் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். ஈரத் தரையில் பிடிப்புக் கொடுப்பது அவைதான். எம்/டி-யில் அவை ரொம்பக் குறைவு. ரோட்டைத் தொடும் ரப்பரின் பரப்பும் குறைவு. அதனால் மழையில் நனைந்த நால்வழிச்சாலையிலோ, மலை ரோட்டு வளைவிலோ திடீர் பிரேக் அடித்தால், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். சேற்றில் மாட்டினால் டிராக்டர் வரும். ஹைவேயில் முன்னால் போகும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவே அந்த நாலைந்து மீட்டர் இல்லை என்றால் யார் வருவார்? வீட்டில் குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டுகிறவர்கள் இதைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இல்லை, எனக்கு மட் டயர்தான் வேணும்!

நியாயமான காரணம் இருக்கலாம். எஸ்டேட்டில் வேலை, தினமும் தோட்டத்துக்குப் பால், காய்கறி எடுக்கப் போகிற பிக்கப், மாதம் இரண்டு தடவை ஆஃப்-ரோடு டிரைவ். அப்படியென்றால் வாங்குங்கள். ஆனால் காசை மிச்சம் பிடிக்கும் இடம் எது, பிடிக்கக்கூடாத இடம் எது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதல் மிச்சம், கம்பெனி கொடுத்த அளவிலேயே இருப்பது. தாரின் 16 இன்ச் வீலுக்கு 245/75 ஆர்16. இதன் மொத்த உயரம் சுமார் 774 மி.மீ. ஆசைப்பட்டு 265/75 ஆர்16 போட்டால் 804 மி.மீ. ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி நிஜத்தில் 83-ல் போகும், பிக்கப் குறையும், திருப்பும்போது எங்காவது உரசலாம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. விபத்து நடந்தபிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் டயர் அளவு பற்றி வாதாடுவது உங்களுக்குத் தேவையில்லாத வேலை.

18 இன்ச் அலாய்க்கான டயரைவிட 16 இன்ச் டயர் பொதுவாக விலை குறைவு. ரப்பர் சுவரும் உயரம்: 245/75 ஆர்16-ல் 184 மி.மீ., 255/65 ஆர்18-ல் 166 மி.மீ. கல்லில் இடித்தால் ரிம் தப்பிக்க இந்த வித்தியாசம் உதவும். அலாய் கெத்துதான், சேற்றுக்கு இரும்பு வீல்தான் சரி.

அடுத்து, டயர் மேல் இருக்கும் எழுத்துகள். அளவுக்குப் பக்கத்தில் 111எஸ் என்று இருந்தால், ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும், மணிக்கு 180 கி.மீ. வேகம் வரை ஓட்டலாம் என்று அர்த்தம். எம்/டி-களில் ‘க்யூ’ என்ற எழுத்து சகஜம், அது 160 கி.மீ. கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த எடை எண் உள்ள டயரை, விலை கம்மி என்று பிக்கப்புக்குப் போடவே கூடாது. லோடு ஏற்றினால் சூடாகி வெடிக்கும்.

‘டிஓடி’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கம் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஆஃபரில் கிடைக்கும் எம்/டி சில சமயம் விற்காமல் குடோனில் கிடந்ததாக இருக்கும்; குனிந்து படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கூடவே ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டு டயருக்கும் அது கட்டாயம். கார் டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனிலிருந்து கட்டுப்பாடு இருப்பதால், ‘ஃபாரின் மட் டயர், பாதி விலை’ என்று யாராவது சொன்னால் பில் கேளுங்கள். பில் என்றதும் ஞாபகம் வருகிறது: 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் டயர் என்றால் 12,800 கொடுத்த இடத்தில் இப்போது 11,800. பழைய ரேட் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட்? பட்டன் உயரமாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவது இதில்தான் அதிகம். ரப்பர் வயசாகி இறுகிப்போனால், பட்டன் இருந்தும் பிடிப்பு இருக்காது. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ரீட்ரேட் டயர், எஸ்டேட்டுக்குள் 20, 30 கி.மீ. வேகத்தில் உருளும் ஜீப்புக்குப் பரவாயில்லை. ஹைவே ஏறுகிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

“பின்னாடி ரெண்டு மட்டும் மட் டயர் போட்டுக்கலாமா?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தார், ஜிம்னி மாதிரி ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் வேண்டாம். முன்னும் பின்னும் டயர் உயரம் வேறாக இருந்தால், ஃபோர் வீலில் போட்டதும் கியர் அமைப்பு இறுகி அடிவாங்கும். நாலும் ஒன்றுபோல, முடிந்தால் ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து.

காசே ஆகாத ஒரு வழி

டயர் மாற்றும் முன் காற்றைக் குறைத்துப் பாருங்கள். ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரைச் சேற்றுக்கு முன் 20 வரை இறக்கினால், அடிப்பாகம் நீளமாகப் படிந்து பிடிப்பு நன்றாகக் கூடும். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. லோடு ஏற்றிய பிக்கப்பில் இவ்வளவு குறைக்காதீர்கள். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் திரும்ப நிரப்ப வேண்டும், அதனால் வண்டியில் சொருகி ஓட்டும் சின்ன ஏர் கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். மட் டயர் பட்ஜெட்டில் அது சில்லறைக் காசு.

நண்பர் கடைசியில் என்ன வாங்கினார்? கம்பெனி அளவிலேயே புது ஏ/டி செட் ஒன்றும், ஒரு கம்ப்ரஸரும். அவருடைய சித்தப்பாவின் பழைய பிக்கப், பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. பின்னால் இரண்டும் நைலான் லக் டயர். ஊரைத் தாண்டி வேகமாகப் போகாத வண்டிக்கு அது சரியாகத்தான் இருக்கிறது. இப்போது மழை பெய்தால் நண்பர் தாரை மெயின் ரோட்டு ஓரத்திலேயே நிறுத்திவிட்டு, காட்டுக்கு டிராக்டரில் தொற்றிக்கொண்டு போகிறார்.